ஒரே ஒரு தடவை கேட்ட கப்பல் கம்பெனி

போன செவ்வாய்க்கிழமை வீட்ல எனக்கு ஒரே ஒரு வேலைதான் குடுத்திருந்தாவ. போன் வரும், எடுத்துப் பேசணும்.

அவ்வளவுதான். சமைக்க வேண்டாம், துணி மடிக்க வேண்டாம். போனை எடுக்கணும், "ஆமா"ன்னு சொல்லணும், வைக்கணும்.

அதையும் கெடுத்துத் தொலைச்சேன்.

முழுசா சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். என் மகன் செந்திலுக்கு துபாய் ஜெபல் அலி பக்கம் சைட்ல டூட்டி. உள்ள போன் கொண்டுபோக விட மாட்டாவ. மருமக கீதா செவ்வாயும் வியாழனும் பேரன் முகிலைத் தெரபிக்குக் கூட்டிட்டுப் போயிருவா. அங்க போனை சைலண்ட்ல போட்டுருவா. மிச்சம் இருக்கது யாரு? நான்.

கப்பல் கம்பெனி பாரத்துல "தொடர்புக்கு யாரு"ன்னு கேட்ட இடத்துல என் நம்பரைப் போட்டுட்டான் மகன். கேட்டா, "எங்கம்மாதான் எந்நேரமும் போனும் கையுமா இருப்பா"ங்கான். உங்ககிட்ட நான் போன்ல இப்படிக் கதை பேசிக்கிட்டு இருக்கதைத்தான் குத்திக் காட்டுதான்!

என்ன கப்பலுன்னு கேக்கியளா? துபாய்ல ஏறி, பஹ்ரைன், தோஹான்னு சுத்திட்டுத் திரும்பி வந்து இறக்கி விடுத கப்பல். பன்னெண்டு மாடி. உள்ளயே நீச்சல் குளம், சினிமா, கடை, ஆட்டம் பாட்டம். தண்ணிக்கு மேல ஒரு ஷாப்பிங் மாலைக் கட்டி விட்ருக்கானுவ. மால்தான் இங்கன தடுக்கி விழுந்த இடமெல்லாம் இருக்கே, அதுக்கு எதுக்குக் கடலுன்னு நானும் கேட்டேன்.

"அத்தை, இது முகிலுக்காக"ன்னா கீதா. எந்திரிச்சுப் போயி என் பாஸ்போர்ட்டை எடுத்துக் குடுத்தேன்.

முகிலுக்கு ஆறு வயசு. ஆட்டிசம். வாயைத் தொறந்து பேச மாட்டான். காது மட்டும் அப்படி ஒரு கூர்மை. மிக்சி போட்டா கட்டிலுக்கு அடியில போயிருவான். வரிசையில நிக்க மாட்டான். கூட்டத்துல வாயில ஒரு பருக்கை வைக்க மாட்டான். வெள்ளைச் சோறு, தயிர், சுட்ட அப்பளம். அப்பளம் உடைஞ்சிருந்தா அன்னைக்குப் பட்டினி.

ஆனா கப்பல்னா அவனுக்கு உசுரு. ஷார்ஜால எங்க பிளாட் ஜன்னல்ல நின்னா கடல்கழி தெரியும். சரக்கு லாஞ்சு போகும், வரும். மணிக்கணக்கா மூக்கைக் கண்ணாடியில அழுத்திக்கிட்டு நிப்பான். அந்தக் கண்ணாடியைத் துடைக்கது என் வேலை. அது வேற கதை.

இந்த விஷயத்தைக் குவைத்துல மங்காஃப்ல இருக்க என் நாத்தனாகிட்ட ஆசையாச் சொன்னேன். சொல்லியிருக்கப்படாது.

"அந்தப் பிள்ளையை வச்சுக்கிட்டு எதுக்கு மதினி கப்பலு? வீட்டோட இருந்தா என்ன?"ங்கா.

இவ மகன் காரு பின் சீட்ல உக்காந்தாலே வாந்தி எடுக்கவன். நாப்பது வயசாவுது! லிப்ட்ல ஏறுனா கண்ணை மூடிக்கிடுவான். அவனுக்கு எந்த டாக்டரும் ஒரு பேரும் வைக்கல. "வேலை டென்ஷன்"ன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதா.

சரி, கீதா கதைக்கு வாரேன். முகிலுக்கு ரெண்டு வயசு ஆனதுல இருந்து கீதா எங்கயும் போனதில்ல. அப்பதான் பஹ்ரைன்ல ஈசா டவுன்ல அவ சித்தி மகளுக்குக் கல்யாணம். போனோம். மேளத்தை ஸ்பீக்கர்ல போட்டான் பாருங்க, முகில் அலறுன அலறல்ல மாப்பிள்ளையே மாலையைக் கழத்திட்டு எந்திரிச்சு நின்னாரு. கீதா பட்டுச்சேலையோட காருக்குள்ள உக்காந்து, பார்சல் பிரியாணியைப் பிளாஸ்டிக் கரண்டியால சாப்பிட்டா. அதுதான் அவ கடைசியாப் போன ஊரு.

அதனால இந்தக் கப்பலுக்கு நாலு மாசமா உக்காந்து திட்டம் போட்டா. கம்பெனிக்கு நாலே நாலு விஷயம் எழுதி அனுப்புனா. பாட்டுப் போடுத மாடிக்குக் கீழ ரூம் வேண்டாம். கூட்டம் வாரதுக்கு முன்னாலயே மூலை மேசையில சாப்பாடு. வரிசையில நிக்காம ஏறணும். அபாய மணி அடிச்சுப் பழக்கம் குடுப்பாவளாம், அதை முன்கூட்டியே சொல்லணும்.

"இந்த நாலும் கிடைச்சா போவோம் அத்தை. ஒண்ணு குறைஞ்சாலும் வேண்டாம். நடுக்கடல்ல இவனை வச்சுக்கிட்டு நான் எங்க இறங்குவேன்?"

நியாயந்தானே?

கம்பெனில இருந்து ஒருக்காப் போன் போட்டு உறுதி பண்ணுவாவ. அந்தப் போன்தான் என் வேலை. கிளம்புதப்போ வாசல்ல நின்னு சொல்லிட்டுத்தான் போனா. "என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லுங்க அத்தை. கதை பேசாதீங்க."

"நான் எதுக்கு கதை பேசப் போறேன்?"னேன்.

பதினொரு மணிக்குப் போன் வந்துச்சு. பொம்பளப் பிள்ளை குரல். "ஹலோ மேம், தமிழ் ஓகேவா?"

அடடா, நம்ம பிள்ளை! எந்த ஊருன்னு கேட்டேன். அபுதாபின்னா. அது தெரியுது தாயி, சொந்த ஊருன்னேன். "அபுதாபிதான் ஆன்ட்டி, இங்கதான் பொறந்தேன்"னா. அம்மா அப்பா எங்கன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே, "ஆன்ட்டி, கொஸ்டின்ஸ் நான்தான் கேக்கணும்"னா.

நல்ல வளப்புன்னு நினைச்சேன். அங்கதான் ஏமாந்தேன்.

"உங்க பேரனுக்காக நாங்க ஸ்பெஷலா அமைதியான கேபின் மாத்தித் தரட்டுமா ஆன்ட்டி?"

இந்தக் கேள்வியைப் பாருங்க. "தரட்டுமா"ங்கா. தேனு ஒழுகுது. அப்படி ஒருத்தி கேட்டா நம்ம வாயில என்ன வரும்?

"அய்யோ, அதெல்லாம் எதுக்கும்மா? உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

இது வேண்டாம்னா அர்த்தம்? சொல்லுங்க! வீட்டுக்கு வந்தவகிட்ட காப்பி குடிக்கியளான்னா, "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்"ம்பாவ. காப்பியைப் பாத்து ரெண்டு நாள் ஆயிருக்கும். நாம விடுவமா? "அரைத் தம்ளராவது"ம்போம். "எதுக்கு"ம்பாவ. மூணாந் தடவை கையில திணிச்சா மடமடன்னு குடிப்பாவ. ரெண்டு வேண்டாம் சொன்ன பொறவு வார வேணும்தான் மரியாதைப்பட்ட வேணும்.

நான் ரெண்டாந் தடவைக்குக் காத்திருக்கேன்.

"ஓகே ஆன்ட்டி, நோட் பண்ணிட்டேன். நெக்ஸ்ட். சாப்பாட்டுக்குத் தனி டைம், கார்னர் டேபிள் போடட்டுமா?"

என்னது, அடுத்ததுக்குப் போயிட்டா! சரி, எல்லாத்தையும் கேட்டுட்டு முதல்ல இருந்து இன்னொரு சுத்து வருவா போலன்னு நினைச்சேன்.

"இருக்கட்டும்மா, எல்லாரும் சாப்பிடும்போது நாங்களும் சாப்பிட்டுக்கிடுதோம்."

"க்யூல நிக்காம ஏற அரேஞ்ச் பண்ணட்டுமா?"

"எங்களுக்காக நீங்க மெனக்கெடணுமா?"

"அலார்ம் ட்ரில் பத்தி முன்னாடியே இன்பார்ம் பண்ணணுமா?"

"பரவால்லம்மா. உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

"ஓகே ஆன்ட்டி, தேங்க்யூ, ஹேவ் எ நைஸ் டே!"

டொக்.

போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். திரும்ப அடிப்பா, அடிப்பான்னு. அரை மணி நேரம் பாத்ரூம் கூடப் போகல.

எங்க பக்கத்து பிளாட்ல ஒரு அரபிக் குடும்பம் இருந்துச்சு. காவாங்க அரபிக் காப்பியை ஊத்துவாவ. வேண்டாம்னா ஊத்துவாவ. போதும்னாலும் ஊத்துவாவ. அந்தக் குட்டிக் கோப்பையை ரெண்டு ஆட்டு ஆட்டுனாத்தான் நிறுத்தணும்னு எனக்குத் தெரியாது. பதினோரு கோப்பை குடிச்சேன்! ராத்திரி பூரா ஆந்தை மாதிரி முழிச்சுக் கிடந்தேன். மண்ணுக்குச் சொந்தக்காரவியளுக்கே உபசரிக்கத் தெரியுது. பன்னெண்டு மாடி கட்டிக் கடல்ல விட்டவனுக்கு ரெண்டாந் தடவை கேக்க வாய் வலிக்கி.

மத்தியானம் கீதா வந்தா. செருப்பைக் கழத்தும்போதே போன்ல மெயில் வந்துச்சு. படிச்சா. இன்னொருக்காப் படிச்சா.

"அத்தை, எந்த உதவியும் தேவையில்லைன்னு நாமளே சொல்லிட்டோம்னு போட்டிருக்கான்."

"நான் எங்க சொன்னேன்? எதுக்கு சிரமம்னுதான் சொன்னேன்."

அவ கத்தியிருந்தாக்கூட நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தல. முகில் கையைக் கழுவி விட்டா, சோத்தைப் பிசைஞ்சா, "சரி, கேன்சல் பண்ணிரலாம் அத்தை"ன்னா. மழை பெய்யுதுங்கத மாதிரி சாதாரணமாச் சொன்னா.

எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல. பொய் சொல்லப்படாது, கொஞ்சம் இறங்குச்சு.

மறுநாள் காலையில நானே டாக்சி பிடிச்சு துபாய் தேராவுல இருக்க, டிக்கெட் போட்டுக் குடுத்த ஏஜென்சி ஆபீசுக்குப் போயிட்டேன். அங்க மேனேஜர் ரஹ்மத்துல்லா பாய். நம்ம தூத்துக்குடிப் பக்கத்து ஆளு. இந்த ஏசிக்குள்ளயும் கோட்டு போட்டுக்கிட்டு வேர்க்குது அவருக்கு.

எல்லாத்தையும் சொன்னேன். தலையில கை வச்சிட்டாரு. "ஆச்சி, எனக்குப் புரியுது. எங்க வீட்லயும் அப்படித்தான். ஆனா சிஸ்டத்துக்குப் புரியாதே!"

"அது யாரு சிஸ்டம்? கூப்பிடுங்க, நான் பேசுதேன்."

"டீ சாப்பிடுதியளா ஆச்சி?"

"வேண்டாம் பாய்."

டீ வந்துச்சு. குடிச்சேன். இது மனுஷன்!

ஆனா காரியம்? "யாரு வேண்டாம்னு சொன்னாவளோ, அவியளே வேணும்னு சொல்லணும். இன்னொரு கால் வரும். ரெக்கார்டு ஆவும். யெஸ் இல்லாட்டி நோ. வேற ஒரு வார்த்தையும் எடுத்துக்கிட மாட்டானுவ. நாளைக்கு சாயந்திரம் நாலு மணிக்கு"ன்னாரு.

அன்னைக்கு டூட்டி முடிஞ்சு வந்த மகன் எனக்குப் பாடம் எடுத்தான்.

"அம்மா, டீ வேணுமா?"

"எதுக்குப்பா இந்நேரத்துல..."

"யெஸ்னு சொல்லும்மா!"

"யெஸ்."

"தோசை வேணுமா?"

"மாவு கொஞ்சந்தான் இருக்கு, நீங்க சாப்பிடுங்க."

"அம்மா!"

"யெஸ்! யெஸ்! யெஸ்!"

ஒரு மணி நேரம் இதே கூத்து. அறுபத்தெட்டு வயசுல இப்படி ஒரு பரீட்சை. கடைசில அவன் என்ன கேட்டாலும் யெஸ். "உன் நகையை என்கிட்ட குடுத்துருதியா?"ன்னான். யெஸ்னேன். நல்லவேளை, சாட்சி யாரும் இல்ல.

வியாழக்கிழமை. நாலு மணின்னு சொன்ன போன் பதினோரு மணிக்கே வந்துட்டு! மகன் சைட்ல. கீதா தெரபில. நான் தனியா.

அதே அபுதாபிக்காரி. "ஆன்ட்டி, திரும்பவும் நான்தான். ஒன்லி யெஸ் ஆர் நோ, ஓகே?"

"யெஸ்."

அமைதியான கேபின்? யெஸ். மூலை மேசை? யெஸ். வரிசை இல்லாம ஏற? யெஸ். அலாரம் முன்கூட்டி? யெஸ்!

ஆகா, நாலும் முடிஞ்சுது! முதுகை நானே தட்டிக்கிட்டேன். வச்சிருவான்னு பாத்தா, அவ நிறுத்தல.

"வீல்சேர்?"

வீல்சேரா? பிள்ளை ஓடுத ஓட்டத்துக்கு நாலு பேரு பின்னால ஓடணும். ஆனா நோ சொன்னா மொத்தமும் போயிருமோ? முதல்ல சொன்ன நாலையும் அழிச்சிருவாளோ? வேண்டாங்க வார்த்தை வாயில வந்துரவே கூடாதுன்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்.

"யெஸ்."

"ஆக்ஸிஜன் சப்போர்ட்?"

"யெஸ்."

"சைன் லாங்குவேஜ் ஆளு?"

"யெஸ்."

"கூட வழி காட்டுற நாய் வருதா ஆன்ட்டி?"

நாயா! நாய்க்கு நான் எங்க போவேன்? முகில் நாயைக் கண்டா என் தோள்ல ஏறிருவான். மூளை நோன்னு சொல்லுது. வாய்?

"யெஸ்."

"ஓ வாவ்! ஓகே ஆன்ட்டி, ஹேவ் எ நைஸ் டே!"

இவளுக்கும் ஒரு சந்தேகம் வரல பாருங்க. ஆறு வயசுப் பிள்ளை, வீல்சேர்ல, ஆக்ஸிஜனோட, ஒரு கையில நாய், முன்னால சைகை காட்ட ஒரு ஆளு. சர்க்கஸா வருது கப்பலுக்கு? யெஸ்ஸு, நோவு. கிளி கூட ஒரு வார்த்தை சேத்துப் பேசும்.

மெயில் வந்துச்சு. நாலு கோரிக்கையும் ஏத்துக்கிட்டாவ. சந்தோஷம். ஆனா ஆக்ஸிஜன் நோயாளிங்கதால டிக்கெட்டை நிறுத்தி வச்சிருக்கு. டாக்டர் சர்டிபிகேட் வேணும். நாய்க்கு ஊசி போட்ட சர்டிபிகேட் வேணும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள குடுக்காட்டி ரூம் வேற ஆளுக்குப் போயிரும்.

கீதா படிச்சா. "நாய்?"னு கேட்டா.

"நான் யெஸ்னு மட்டுந்தான் சொன்னேன்."

"அத்தை, நாய்?"

அப்பறம் சோபாவுல உக்காந்து சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி கொட்டுது. சிரிப்புத் தண்ணியா மத்த தண்ணியான்னு கேக்க எனக்குத் தைரியம் இல்ல. துண்டை எடுத்துக் குடுத்தேன்.

சனிக்கிழமை காலையில எல்லாருமாப் போனோம். ரஹ்மத்துல்லா பாய் எங்களைப் பாத்ததும், "நாய் எங்க ஆச்சி?"ன்னாரு. இவருக்கு நேரங்காலம் தெரியாது.

கப்பல் டாக்டரை வீடியோல கூப்பிட்டாரு. வெள்ளைக்காரி. பிள்ளைகிட்டயே நேரடியாக் கேட்டாத்தான் தடையை எடுப்பேன்னுட்டா. கீதா முகிலோட தண்ணி பாட்டிலை என் கையில குடுத்து, "அத்தை, இதைப் பிடிச்சுக்கிட்டு அங்க நில்லுங்க"ன்னா.

பாய் ஒரு படி மேல போனாரு. "ஆச்சி, நீங்க யெஸ்ஸும் சொல்லாதிய, நோவும் சொல்லாதிய."

நின்னேன். பாட்டிலோட.

கீதா கைப்பையில இருந்து ரெண்டு அட்டையை எடுத்தா. ஒண்ணு பச்சை, ஒண்ணு சிவப்பு. தெரபில பழக்கி விட்டது. வேணும்னா பச்சை, வேண்டாம்னா சிவப்பு. வீட்ல அந்த அட்டையை நான் கண்டுக்கிட்டதே இல்ல. நான்தான் அவன் கேக்கதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் வாயில திணிக்கவளாச்சே.

டாக்டர் ஒவ்வொண்ணாக் கேக்க, கீதா போன்ல ஒவ்வொரு படமாக் காட்டுனா.

வீல்சேர். சிவப்பு.

மூக்குல வைக்க குழாய். சிவப்பு.

நாய். சிவப்பு! அந்த அட்டையாலயே போனை மூடிட்டான், படம் தெரியக் கூடாதுன்னு.

பெரிய ஸ்பீக்கர். சிவப்பு, கூடவே ரெண்டு காதும் பொத்திக்கிட்டான்.

ஆள் இல்லாத மூலை மேசை, தயிர்ச்சோறு. பச்சை.

கப்பல். பச்சை. பச்சையை அந்தப் படத்து மேல ஒட்ட வைக்கத மாதிரி அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, எடுக்கவே மாட்டேன்னுட்டான்.

வெள்ளைக்காரி சிரிச்சா. அவ சொன்னதைப் பாய் எங்களுக்குச் சொன்னாரு. "இவ்வளவு தெளிவா ஒரு பயணியும் பதில் சொன்னதில்லையாம். டிக்கெட் ஓகே. நாலும் உண்டு. மத்ததெல்லாம் ஹலாஸ், முடிஞ்சுது!"

அஞ்சு நிமிஷம். நான் அஞ்சு நாளாப் பண்ணுன கூத்தை அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டான். கீதா அங்கனயே நாற்காலியில உக்காந்து, ஒரு பெரிய மூச்சு விட்டா. நாலு வருஷமா உள்ள வச்சிருந்த மூச்சு.

பாய்க்கு சந்தோஷம் தாங்கல. பேரீச்சம்பழ டப்பாவைத் தொறந்து முகில்கிட்ட நீட்டுனாரு. சிவப்பு.

"ஒண்ணே ஒண்ணு ராசா." சிவப்பு.

"பாய்க்காக!" முகில் எந்திரிச்சுப் போயி, சிவப்பு அட்டையை அவரு கோட்டுப் பையில சொருகிட்டு வந்து உக்காந்தான்.

டப்பா என் பக்கம் வந்துச்சு. வேண்டாம் பாய்ன்னேன். எடுங்க ஆச்சின்னாரு. எதுக்குன்னேன். மூணாந் தடவை நீட்டுனதும் நாலு எடுத்துக்கிட்டேன்.

எங்க வீட்ல வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம்னு நேராச் சொல்லுத ஆளு ஒருத்தன்தான் இருக்கான். பேச்சு வரலைன்னு அவனைத்தான் நாங்க வாரத்துக்கு ரெண்டு நாள் தெரபிக்கு அனுப்புதோம்.